நாலாம் நம்பர் கட்டம்

பெல்ட்டுக்கு முந்நூற்றிருபது ரூபாய் என்று கேட்டதும் ஈஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகை வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வருவது அவளுக்குப் பிறவிக் கோளாறு. தாலி ஏறுகிற நேரத்தில் அப்படிச் சிரித்துத் தொலைத்ததற்கு மாமியார் ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"இன்னாம்மா, பெல்ட்டு வெள்ளில செஞ்சதா?"

யூனிஃபார்ம் கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இந்த மாதிரிக் கேள்விகளை அன்று காலையிலிருந்து நாற்பது பேர் கேட்டிருப்பார்கள். கட்டம் போட்ட சட்டை இரண்டு, ஸ்கர்ட் இரண்டு, இதற்கு நாலாயிரத்து நூறு. புதன்கிழமை மட்டும் போட விளையாட்டு டிரெஸ், ஆயிரத்து அறுநூறு. ஷூ இரண்டு ஜோடி ஆயிரத்து நானூறு. டை நூற்றெண்பது, சாக்ஸ் இருநூற்றைம்பது, அப்புறம் அந்த வெள்ளி பெல்ட். மொத்தம் ஏழாயிரத்து எண்ணூற்றைம்பது.

"ஷூ போன வருசத்துதே நல்லா கீது. ஸ்கர்ட்டும் அதே நீலம்தான். சட்ட மட்டும் குடு."

"செட்டாத்தான் தருவோம். தனித்தனியா கிடையாது."

கவரைப்பேட்டை ஸ்டேஷனிலிருந்து மேற்கே இரண்டு கிலோமீட்டர் போனால் இந்த முத்துச்சுடர் குளோபல் மெட்ரிகுலேஷன் பள்ளி. மூன்று பக்கம் நெல்வயல், நாலாவது பக்கம் இரும்புப் பட்டறை. இதில் குளோபல் எந்தப் பக்கம் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால்தான் யூனிஃபார்மை மாற்றி நீலக் கோடு போட்ட சட்டை கொண்டுவந்தார்கள். அந்தக் கோடு வெளுப்பதற்குள் அடுத்த மாற்றம்.

ஏப்ரல் மாதம் பெற்றோர் கூட்டத்தில் தாளாளர் ராஜமாணிக்கம் புதுச் சட்டையைத் தானே தூக்கிப் பிடித்துக் காட்டினார். மைக்கைக் கண்டால் அவருக்குக் குரல் தழுதழுக்கும்.

"நூத்தி இருபது சாம்பிள் பார்த்தேன். கண்ணே பூத்துப்போச்சு. கடைசியா இதை எடுத்து விரிச்சாங்க பாருங்க, பார்த்த உடனே மனசுக்குள்ள ஒரு இது. எத்தனையோ வருஷமா என்கூடவே இருக்கிற பொருள் மாதிரி ஒரு நெருக்கம். இதுதான் நம்ம ஸ்கூல்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். நமக்காகவே ஸ்பெஷலா நெய்த துணி. நீங்க இந்தியா பூரா தேடினாலும் வெளியில கிடைக்காது."

கடைசி வாக்கியத்தை இரண்டு தடவை சொன்னார். கைதட்டினார்கள். ஈஸ்வரி தட்டவில்லை. அவள் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் தையல் மெஷின் வைத்து நாலு தெருவுக்கு ஜாக்கெட் தைக்கிறவள் அவள். துணியைப் பார்த்தால் கண் தானாக இழை எண்ணும். கருநீலத் தரை. அதில் அரக்கு நிறத்தில் பட்டைக்கோடு. கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு வெள்ளை இழை. கட்டத்துக்கு நடுவில் ஒற்றை மஞ்சள் இழை. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தபோது ஈஸ்வரியின் கையில் இருந்ததெல்லாம் முதல் டெர்ம் ஃபீஸ் ரசீது மட்டும்தான். பதினெட்டாயிரம். வளையல் இரண்டும் பேங்கில் தூங்கின. ரசீதில் எல்லாமே இங்கிலீஷ். 'கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது' என்ற ஒரு வரியை மட்டும் தமிழில் அடித்திருந்தார்கள். நமக்குப் புரியவேண்டுமே என்ற நல்லெண்ணம்தான். ஒரு ஏக்கரில் சொர்ணவாரிப் பட்டத்து நெல் நட்டிருந்தது, அறுப்புக்கு ஆவணி ஆகும். புருஷன் அப்பாவுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரோலிங் மில்லில் கான்ட்ராக்ட் வேலை. அந்தச் சம்பளம் பத்தாம் தேதி வந்து பன்னிரண்டாம் தேதி போய்விடும்.

ஆறாம் வகுப்புக்குப் போன கல்பனா முதல் வாரமே பையை வீசிவிட்டு உட்கார்ந்தாள்.

"புது டிரெஸ் இல்லாதவங்கள லைப்ரரில ஒக்கார வெச்சிட்டாங்கமா."

"ஒக்காந்து எதனா புக்கு படிக்கறதுதான?"

"அங்க புக்கே இல்ல. ஒடஞ்ச பெஞ்சும் போன வருசத்து ஆண்டு விழா கிரீடமும்தான் கீது. பன்னெண்டு பேரு கீறோம்."

"சரி, பாத்துக்கலாம்."

"கணக்குல பின்னம் ஆரம்பிச்சிட்டாங்கமா. சுவத்துல காத வெச்சா கொஞ்சம் கேக்குது. பாதி கேக்குது, பாதி கேக்கல." அவள் அழவில்லை. சொல்லிக்கொண்டே ஷூ நாடாவை அவிழ்த்தாள். "திங்கக்கெழமக்குள்ள வாங்கலனா ஊட்டுக்கு அனுப்பிடுவாங்களாம். அனுப்பிட்டா அப்பால நா அந்த ஸ்கூலுக்குப் போவவே மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

கல்பனா சொன்னால் சொன்னதுதான். பிடிவாதத்தில் அப்படியே தாயைக் கொண்டு பிறந்திருக்கிறது. கணக்கில் போன வருடம் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை சுவரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்ததும் ஈஸ்வரிக்குப் பொறுக்கவில்லை.

"கவுருமெண்ட்டு ஸ்கூல்ல சேத்துடலாமே," என்றான் அப்பாவு.

"சேக்கலாம். கட்டுன பதினெட்டாயிரத்த உங்க மில்லு ஓனரு குடுப்பானா? பேசாம நீ போய் தாளாளரப் பாத்து ரெண்டு மாசம் டைம் கேளு."

"நா அந்தக் கேட்டாண்ட போவமாட்டேன். அத மட்டும் சொல்லாத."

அதற்குமேல் ஈஸ்வரியும் வற்புறுத்தவில்லை. அந்தக் கேட்டில் ஒரு போர்டு மாட்டியிருக்கிறது: 'கைலி, நைட்டி அணிந்து வரும் பெற்றோருக்கு அனுமதி இல்லை.' போன வருடம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தபோது அப்பாவு வயலில் இருந்தான். மடித்துக் கட்டிய கைலி, முழங்கால் வரை சேறு, அப்படியே ஓடினான். வாட்ச்மேன் தாவீது நல்ல மனுஷன்தான், ஆனால் போர்டைக் காட்டினார். உள்ளே பிள்ளை பெஞ்சில் சுருண்டு கிடக்கிறது, வெளியே தகப்பன் ஒரு மணி நேரம் வெயிலில் நிற்கிறான். ஈஸ்வரி புடவை மாற்றிக்கொண்டு போய்த்தான் பிள்ளையை வெளியே தூக்கி வந்தாள். அன்றிலிருந்து அப்பாவு அந்த ரோட்டில் போனால்கூட முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். மகள் எந்த வகுப்பில், எந்த பெஞ்சில் உட்காருகிறாள் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

ஆகவே ஈஸ்வரியே கிளம்பினாள். பள்ளியில் தாளாளரைப் பார்க்க டோக்கன் வாங்க வேண்டும், வீட்டில் பார்க்க டோக்கன் வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை நாஷ்டா முடித்து, முன்பணமாகக் கொடுக்க ஒற்றை ஐந்நூறு ரூபாய்த் தாளை மடித்து எடுத்துக்கொண்டு, ஒரு ஸ்டேஷன் ரயிலேறிப் பொன்னேரியில் இறங்கினாள். இரண்டு மாடி வீடு. வாசலில் பளிங்குப் படி. செருப்பை எங்கே விடுவது என்று பயப்படும்படியான படி.

ராஜமாணிக்கம் வராந்தாவில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். பள்ளியில் பார்க்கும் டை இல்லை, கோட்டு இல்லை. பனியனும் கைலியும். ஒரு காலை நாற்காலிமேல் தூக்கி மடக்கி வைத்திருந்தார்.

"சொல்லும்மா."

"சார், கல்பனாவோட அம்மா சார். ஆறாவது பி. யூனிஃபார்முக்கு ஆவணி வரைக்கும் டைம் குடுத்தீங்கன்னா அறுப்பு முடிஞ்சி கட்டிடுவேன். இப்ப ஐந்நூறு வெச்சிக்கோங்க."

"ஐந்நூறா?" அவர் தாளைப் பார்த்துவிட்டுப் பேப்பரைப் புரட்டினார். "டிசிப்ளின்னா டிசிப்ளின்தாம்மா. உனக்குத் தளர்த்தினா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. யூனிஃபார்ம் எதுக்கு வெச்சிருக்கோம்? பணக்காரன், ஏழைங்கிற வித்தியாசம் பிள்ளைங்க மனசுல வரக்கூடாதுன்னு. நாங்க எவ்வளவு யோசிச்சுப் பண்றோம்…"

இந்த வித்தியாசம் தெரியாமல் இருக்கத்தான் ஏழாயிரத்து எண்ணூற்றைம்பது என்று ஈஸ்வரி கணக்குப் போட்டாள். வாயில் வந்ததை விழுங்கிவிட்டுத் தலையைக் குனிந்தாள். குனிந்த இடத்தில் அவருடைய கைலி இருந்தது. வெயில் நன்றாக அதன்மேல் விழுந்தது.

கருநீலத் தரை. அரக்குப் பட்டை. இரண்டு பக்கமும் வெள்ளை இழை. நடுவில் ஒற்றை மஞ்சள்.

ஈஸ்வரி ஒரு தடவைக்கு மூன்று தடவை எண்ணினாள். ராஜமாணிக்கம் டிசிப்ளின் பற்றிப் பேசிக்கொண்டே போனார். பாதியில் இந்தப் பொம்பளை கண் கொட்டாமல் எங்கே பார்க்கிறாள் என்று உறைத்ததும் பேச்சு தடுமாறியது. தூக்கிய காலைக் கீழே இறக்கினார். அவள் பார்வை நகரவில்லை. பேப்பரை எடுத்து மடிமேல் விரித்துக்கொண்டார்.

"ஏம்மா, எங்க பார்த்துக்கிட்டிருக்க? அதான் சொல்லிட்டேனே. திங்கட்கிழமை. கிளம்பு."

"சரிங்க சார்," என்றாள் ஈஸ்வரி. உதட்டைக் கடித்துக்கொண்டாள். வந்துகொண்டிருந்தது சாதாரணச் சிரிப்பில்லை.

காம்பவுண்டை ஒட்டி வெளியே வரும்போது பார்த்தாள். பக்கவாட்டுக் கொடியில் தாளாளரின் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். வரிசையாக மூன்று கைலி. மூன்றும் அதே கட்டம்.

"கைலி நல்லா கீதும்மா. எங்க எடுத்தீங்க? எங்க ஊட்டுக்காரருக்குக் கேக்கறேன்."

அந்த அம்மாவிடம் யாரும் இப்படி அன்பாகப் பேசி நாளாகியிருக்கும்போல. ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு காம்பவுண்டுச் சுவர் ஓரம் வந்துவிட்டார்.

"பஜார்ல பழவேற்காட்டு பாய் கடைம்மா. இவரு இருபது வருஷமா இந்தக் கட்டத்தைத் தவிர வேற எதையும் கட்ட மாட்டாரு. வேற கலர் எடுத்துட்டு வந்தா தூக்கி எறிவாரு. வருஷத்துக்கு ஆறு எடுத்துப் போட்டுடுவேன்."

நூற்றிருபது சாம்பிளில் மனுஷனுக்கு ஏன் இதைக் கண்டதும் அப்படியொரு நெருக்கம் வந்தது என்று ஈஸ்வரிக்கு அப்போதுதான் விளங்கியது. தெருமுனை வரைக்கும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நடந்தாள்.

பஜாரில் கிஃபாயத்துல்லா கைலிக் கடையில் பாயின் மனைவி ஜாஹிதா கல்லாவில் இருந்தார். பழவேற்காட்டுக் குடும்பம், மூன்று தலைமுறையாகக் கைலி வியாபாரம். ஈஸ்வரி கட்டத்தைச் சொல்லச் சொல்ல, ஜாஹிதா திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்கையாலேயே ஒரு கைலியை உருவி மேசைமேல் போட்டார்.

"நாலாம் நம்பரு. எங்க மாமனாரு காலத்துலர்ந்து ஓடுது. மீன்காரரு, ஆட்டோக்காரரு, ரைஸ் மில்லுக்காரரு, எல்லாருக்கும் இதான் வேணும். அழுக்கு தெரியாது பாரு."

"எங்க பாப்பா ஸ்கூலு யூனிஃபார்ம் மாதிரியே கீதேக்கா."

ஜாஹிதா கல்லாப்பெட்டியைச் சாத்திவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"மாதிரி இன்னா மாதிரி? அதேதான். தை மாசம் ஒரு ஏஜென்ட் வந்தாரு. மூட்டித் தெக்காம, முத்திர குத்தாம, துணிச் சுருளா தானுதானா வேணும்னு மூவாயிரம் மீட்டர் எடுத்துக்கினு போனாரு. மீட்டரு நூத்திப்பத்து. எதுக்குண்ணேன்னு கேட்டேன். ஸ்கூலுக்குன்னாரு."

"ஐயய்யோ! உனுக்கு சிரிப்பு வர்லியாக்கா?"

"தை மாசத்துலர்ந்து சிரிச்சிக்கினுதான் கீறேன். யாராண்ட போய் சொல்றது? வியாபாரமாச்சே."

கைலி ஒன்று இருநூற்றறுபது, ஜோடியாக எடுத்தால் ஐந்நூறு. தாளாளர் தொடாத அந்த ஐந்நூறு ரூபாய்த் தாளை ஈஸ்வரி நீட்டினாள். "மொத தண்ணில சாயம் போவும். உப்பு போட்டு ஊற வெச்சிடு," என்று ஜாஹிதா சொல்லி அனுப்பினார்.

சாயங்காலத்துக்குள் கைலி உப்புத் தண்ணீரில் ஊறி, அலசி, காய்ந்துவிட்டது. ஒல்லிப் பிள்ளை; ஒரு கைலியில் இரண்டு அரைக்கைச் சட்டை தாராளமாக வந்தது. பழைய சட்டைப் பையிலிருந்து பள்ளி முத்திரையை நூல் பிரித்து எடுத்துப் புதுப் பையில் வைத்துத் தைத்தாள். ஈஸ்வரி மெஷினை மிதிக்கிற வேகத்தைப் பார்த்து அப்பாவு வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இன்னாமே, புதுக் கைலிய வாங்கிக் கிழிச்சிக்கினு கீற?"

"உன்னுது அதோ கீது, எடுத்துக் கட்டிக்கோ. இது பாப்பாது."

கல்பனா சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள். முகம் தெளியவில்லை.

"கைலிலயா தெச்ச? யார்னா கண்டுபுடிச்சா இன்னா பண்றது?"

"கண்டுபுடிச்சா அவங்க போட்டுக்கினு கீறதும் கைலின்னு கண்டுபுடிச்ச மாதிரிடி."

கல்பனா கொஞ்ச நேரம் கணக்குப் போட்டாள். பிறகு கட்டிலில் விழுந்து புரண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பத்து நாளாகியிருந்தது. ஈஸ்வரி மெஷினுக்கு எண்ணெய் விடுகிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

திங்கட்கிழமை கல்பனா வகுப்பில் உட்கார்ந்தாள். டீச்சர் பார்த்துவிட்டு "வெரி குட்" என்றாராம். பின்னம் முழுதாகக் கேட்டதாம்.

இதோடு ஈஸ்வரி வாயை மூடிக்கொண்டிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் இப்படி ஒரு விஷயத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு சோறு இறங்குமா? செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாப்பில் ஒருத்தியிடம் மட்டும், சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னாள். புதன்கிழமை நாலு பேர் அளவு கொடுக்க வந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள், லைப்ரரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்ட மீதிப் பதினொன்றும் கட்டம் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டன. பொன்னேரி பஜாரில் நாலாம் நம்பர் தீர்ந்துபோய், புது ஸ்டாக்குக்கு ஜாஹிதா நாற்பது ரூபாய் ஏற்றிவிட்டார். வியாபாரமாச்சே.

கவுண்டர் பெண்ணுக்குத்தான் உறைத்தது. பன்னிரண்டு செட் அலமாரியில் அப்படியே இருக்கிறது. ஆனால் யூனிஃபார்ம் இல்லாத பிள்ளை பள்ளியில் ஒன்றுகூட இல்லை. அவள் போய் ராஜமாணிக்கத்திடம் சொன்னாள். அடுத்த திங்கட்கிழமை காலை ராஜமாணிக்கமே கேட்டில் வந்து நின்றார். யூனிஃபார்மில் வருகிறவர்களை மட்டும் உள்ளே விடு, இந்தப் பன்னிரண்டு பேரும் பில்லைக் காட்டினால்தான் உள்ளே, என்று தாவீதுக்கு ஆர்டர்.

எட்டே முக்காலுக்கு ஈஸ்வரிக்குப் போன் வந்தது. தாவீதுதான், குரலை அடக்கிக்கொண்டு பேசினார்.

"எம்மா, பாப்பாவ கேட்டாண்ட வெயில்ல நிக்க வெச்சிருக்காங்கம்மா. டூப்ளிகேட்டு டிரெஸ்ஸாம். எல்லாரும் பாத்துக்கினு போறாங்க. சீக்கிரம் வா."

அப்பாவு நைட் ஷிப்ட் முடித்துக் குளித்துவிட்டு, மண்வெட்டியோடு வயலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். இடுப்பில் அந்தப் புதுக் கைலி. ஈஸ்வரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வண்டிய எடு. ஸ்கூலுக்குப் போலாம்."

அவன் முகம் சுண்டியது. "நீ போயிட்டு வாமே."

"உன் பொண்ணு வெயில்ல நிக்கிது. நீயும் அங்க நின்னவன்தான, உனுக்குத் தெரியாதா?"

அப்பாவு மண்வெட்டியைச் சுவரோரம் சாய்த்தான். "இரு, பேண்ட்ட போட்டுக்கினு வரேன்."

"வாணாம். அப்டியே வா."

"போர்டு கீதே…"

"அதுக்குத்தான் சொல்றேன். அப்டியே வா."

கேட்டில் பன்னிரண்டு பிள்ளைகள் சுவரோரமாக நின்றன. கல்பனா கடைசி. அவள் யாரையும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு இறுகியிருந்தது. இந்தப் பிள்ளை இன்றைக்குத் திரும்பி வீட்டுக்கு வந்தால் இனி இந்தப் பக்கம் வராது என்று ஈஸ்வரிக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அப்பாவு வண்டியை ரோட்டுக்கு அந்தாண்டை புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு அங்கேயே நின்றான்.

"இன்னா சார் தப்பு பண்ணிச்சு எம் பொண்ணு?"

"வாம்மா வா," என்றார் ராஜமாணிக்கம். கோட்டு, டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. "இது போலி. எங்க துணி ஸ்பெஷலா நெய்தது. இது எங்கயோ மட்டமான துணியில தெச்சிருக்கு. பார்த்தாலே தெரியுது."

"எங்க சார் தெரியுது?"

"டீச்சர், இங்க வாங்க." அவர் உள்ளே போய்க்கொண்டிருந்த ஒரு பையனைக் கவுண்டரில் வாங்கிய சட்டையோடு இழுத்துக் கல்பனா பக்கத்தில் நிறுத்தினார். "இதுல எது நம்ம துணின்னு சொல்லுங்க."

கேட்டில் நின்ற ஆறாவது பி டீச்சர், வகுப்பு வகுப்பாக இருபது வருடம் பேப்பர் திருத்திய கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். இரண்டு காலரையும் தடவிப் பார்த்தார். தையலை மடித்துப் பார்த்தார். பிறகு கல்பனாவின் தோளில் கை வைத்தார்.

"இதுதான் சார் ஒரிஜினல். தையல் என்ன சுத்தமா இருக்கு பாருங்க. அந்தப் பையனோடதுல நூல் பிரிஞ்சிருக்கு."

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிரிப்பதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. கேட்டுக்கு உள்ளே ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. ராஜமாணிக்கத்தின் கழுத்து சிவந்தது. ஈஸ்வரி ரோட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"யோவ், இங்க வாய்யா!"

அப்பாவு ரோட்டைத் தாண்டி வந்தான். வருகிற நடையிலேயே அவன் பயம் தெரிந்தது. கைலியை இறக்கி விட்டுக்கொண்டு, சட்டைப் பித்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தான். ராஜமாணிக்கம் பாதி பார்வையிலேயே கையை நீட்டிவிட்டார்.

"தாவீது! போர்டு எதுக்கு மாட்டியிருக்கு? கைலியோட யாரையும் விடாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

தாவீது லத்தியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார். அப்பாவுவின் கைலியைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற கல்பனாவின் சட்டையைப் பார்த்தார். கேட்டுக்குள்ளே நின்ற இருநூறு சட்டைகளையும் பார்த்தார். நிதானமாகத் திரும்பி, போர்டை ஒரு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"சார்," என்றார். "யூனிஃபார்ம்ல வர்றவங்கள உள்ள வுடுன்னு காலைல நீங்கதான சார் சொன்னீங்க? இவரு யூனிஃபார்ம்லதான் சார் வந்துருக்காரு."

இதற்கப்புறம் எழுந்த சத்தத்தில் இரும்புப் பட்டறைக்காரர்கள் சுத்தியலைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். அப்போதுதான் ராஜமாணிக்கம் முதல்முறையாகக் கைலியைச் சரியாகப் பார்த்தார். தகப்பன் இடுப்பையும் மகள் தோளையும் மாறிமாறிப் பார்த்தார். இருபது வருடம் தினமும் இடுப்பில் சுற்றிய பொருள். கை தன்னையறியாமல் தன் பேண்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

ஈஸ்வரி அவர் பக்கத்தில் போய், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "ஒண்ணு நீங்க கட்டிக்கினு இருந்தீங்க, மூணு கொடில காஞ்சிக்கினு இருந்துச்சு. எந்தக் கடைன்னு உங்க ஊட்டம்மாவே சொன்னாங்க சார், தங்கமான மனுசி. அத நா இந்த ஸ்கூல்ல கீற தொள்ளாயிரம் பேருக்கும் கேக்கற மாதிரி சொல்லட்டுமா, இல்ல கேட்ட தொறக்கறீங்களா?"

ராஜமாணிக்கம் பேனாக்களில் ஒன்றை எடுத்து, மூடியைத் திறந்து, மூடி, திரும்பப் பையில் வைத்தார்.

"பெல் அடிச்சாச்சு. எல்லாரும் கிளாசுக்குப் போங்க," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியாதபடி ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னார்.

தாவீது சின்னக் கதவைத் திறக்கவில்லை. தாளாளர் கார் வந்தால் மட்டும் திறக்கிற பெரிய கேட்டின் இரண்டு கதவையும் அகலத் திறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளும் ஓடின. கல்பனா ஓடவில்லை. அவள் அப்பாவுவின் கையைப் பிடித்தாள்.

"வா நைனா. எங்க கிளாஸ காட்றேன்."

அப்பாவு தாவீதைப் பார்த்தான். தாவீது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "வெயில்ல நிக்காத, போ நைனா," என்றார்.

ஆறாவது பி மாடியில் இருந்தது. அப்பாவு படியில் செருப்பைக் கழற்றப் போனான், ஈஸ்வரி முதுகில் ஒன்று வைத்தாள். வகுப்பு வாசலில் டீச்சர் ஒதுங்கி வழிவிட்டார். கல்பனா ஜன்னல் ஓரம் மூன்றாவது பெஞ்சைக் காட்டினாள்.

"இதான் என் எடம்."

அப்பாவு பெஞ்சைத் தடவிப் பார்த்தான். பிறகு கால்களை இடுக்கி எப்படியோ உள்ளே நுழைத்து உட்கார்ந்தான். ஜன்னல் வழியாக நெல்வயல் தெரிந்தது, கீழே கேட்டும் தெரிந்தது. போன வருடம் அவன் நின்ற இடம். முன்னும் பின்னும் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் அதே கட்டத்தில், நடுவில் இவனும் அதே கட்டத்தில். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. சிரிக்கவேண்டிய இடம்தான். ஆனால் ஈஸ்வரிக்கு அழுகை வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு கத்தினாள்.

"போதும் எந்திரிய்யா, டீச்சரு பாடம் எடுக்க வாணாமா?"

"காத்து நல்லா வருதுமே," என்றான் அப்பாவு. எழுந்திருக்கவில்லை. "இரு, அந்தப் பின்னம்னா இன்னான்னு கேட்டுட்டு வரேன்."